மூன்று வீட்டுத் தைலம்

கொன்ஸ்ரன்ரைனைக் காண முன்னரே அவனுடைய மணத்தை நான் அறிந்துவிட்டேன். கொழும்பில், கொட்டாஞ்சேனைச் சந்தொன்றில் நான் அறை எடுத்த புதிது. எனது அறைக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருந்தது வெறும் பலகைச் சுவர். விடியற்காலையில் அந்தப் பலகை இடுக்குகளால் கற்பூரமும் கராம்பும் இன்னும் ஏதோ காரமும் கலந்து வந்து கண்ணைக் கரிக்கும். பக்கத்து வீட்டில் யாரோ படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்கள் என்றே நினைத்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவர்கள் வாசலில் போய் நின்று கேட்டேன்.

"ஆருக்கு வருத்தம்? டொக்டரிட்டைக் காட்டினீங்களோ?"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெண் சுளகை வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள்தான் கொன்ஸ்ரன்ரைனின் மனைவி றமீலா.

"வருத்தம் ஒண்டுமில்லை மாஸ்டர். ஓட்டம்."

"என்ன ஓட்டம்?"

"இவர் ஓடுறவர். ரேஸ் ஓடுறவர். அதுக்குத்தான் இந்தப் பூச்சு."

அவளுக்குப் பின்னால், கவிழ்த்து வைத்த பெட்டியொன்றில் இருந்து கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த நெடிய மனிதன் சட்டென்று எழுந்தான். மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டான். முழங்காலிலிருந்து எண்ணெய் வழிந்தது.

"குறை நினைக்காதேங்கோ மாஸ்டர். மணம் அங்காலையும் வருதோ?"

கண்ணைக் கரிக்கிறது என்று சொல்லத்தான் போனேன். அவனுடைய முகத்தைக் கண்டதும், "இல்லை, இல்லை, சும்மா கேட்டனான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கொன்ஸ்ரன்ரைன் துறைமுகத்தில் ஒரு கப்பல் கொம்பனியில் நாட்கூலி. காலையில் கேற்றுக்கு வெளியே கூட்டத்தோடு கூட்டமாக நிற்க வேண்டும். கங்காணி வந்து விரலால் சுட்டுவான். சுட்டப்பட்டவனுக்கு அன்று வேலை. மற்றவன் வீட்டுக்குப் போகலாம். கொன்ஸ்ரன்ரைன் கூட்டத்தில் தலை தெரியும் உயரம், ஆனால் ஒல்லி. மூட்டை தூக்க ஒல்லியனைச் சுட்டுகிற கங்காணி யார்? ஆகவே பல நாட்கள் அவன் வெறுங்கையோடு திரும்பி வந்தான். ஆனால் அந்த நாட்களில் அவன் நடந்து வந்ததை நான் கண்டதில்லை. ஓடித்தான் வருவான்.

ஏன் என்று ஒரு முறை கேட்டேன்.

"நடந்து வந்தா, இண்டைக்கும் வேலை இல்லையோ எண்டு சனம் கேக்கும் மாஸ்டர். ஓடி வந்தா, ஓடிப் பழகிறான் எண்டு விட்டிடும்."

நான் முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமத்தான். எங்கள் ஊரில் முதன்முதல் பட்டம் பெற்றவன் நான், லண்டன் பி.எஸ்ஸி., இரசாயனம். கொழும்பில் என்னைப்போல் பட்டதாரிகள் தெருவுக்குத் தெரு உண்டு என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்தச் சந்தில் நான் ஒருவனே. அதனால் சந்து என்னைத் தன் சொத்தாகவே எடுத்துக்கொண்டது. வேலை கிடைக்க முன்னரே எல்லோருக்கும் நான் மாஸ்டர்தான்.

சந்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. அங்கிருந்து யாராவது பெரிய காரியம் ஒன்றுக்குப் புறப்பட்டால், வீட்டுக்கு வீடு அதில் கை வைத்தாக வேண்டும். ஒரு பெரிய பள்ளிக்கூடம் என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்ட காலையில், மூலையில் மருந்துச் சாமான் கடை வைத்திருந்த பௌஸி நானா எனது சட்டையில் அத்தர் பூசினார். எதிர்வீட்டுக் குப்பாயி நெற்றியில் திருநீறு பூசினாள். குதிரைப் பந்தயத் திடல் லாயத்தில் வேலை செய்த ஹியூபேட் தன்னுடைய ஒரேயொரு டையைக் கொண்டுவந்து எனது கழுத்தில் கட்டிவிட்டான். வேண்டாமென்றால் அவர்கள் கோபிக்கமாட்டார்கள். முகம் மட்டும் வாடிவிடும். அதைத் தாங்குவது கோபத்தைத் தாங்குவதைவிடக் கஷ்டம். வேலை கிடைத்தது. அது அத்தரால் கிடைத்ததா, திருநீற்றால் கிடைத்ததா, டையால் கிடைத்ததா என்று அன்று மாலை மூவரும் வாதாடினார்கள். படிப்பால் கிடைத்திருக்கலாம் என்று ஒருவராவது சொல்லவில்லை.

கொன்ஸ்ரன்ரைனின் ஓட்டத்தில் இதே மூவரும் கை வைத்தார்கள். பௌஸி நானாவிடம் தானே கூட்டிய தைலம் ஒன்று இருந்தது: கற்பூரம், கராம்பெண்ணெய், அதோடு வின்ரர்கிறீன் என்று சீமையிலிருந்து வரும் ஓர் எண்ணெய். ஹியூபேட் லாயத்திலிருந்து குதிரைகளின் காலுக்குப் போடும் எம்புரோகேஷன் போத்தலைக் கொண்டுவருவான். குப்பாயியின் புருஷன் வேலுசாமி றிக்ஷா இழுப்பவன்; அவனுடைய காலுக்கென்று அவள் மிளகும் மிளகாயும் உள்ளியும் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சுவாள். அதில் ஒரு சிரட்டை கொன்ஸ்ரன்ரைனுக்கு. முந்திய வருஷம் கோயில் திருநாளுக்கு நடந்த சின்னப் பந்தயத்தில், மூவரும் ஆளுக்குக் கொஞ்சம் தேய்த்துவிட்டு அனுப்ப, அவன் முதலாவதாக வந்துவிட்டான். அன்றோடு அந்தத் தைலங்களை அசைக்க யாராலும் முடியவில்லை. யாருடைய தைலம் வென்றது என்பதில் மட்டும்தான் சண்டை.

முப்பத்தொன்பதாம் ஆண்டு தொடக்கத்தில் துறைமுகக் கொம்பனிகள் எல்லாம் சேர்ந்து, யாரும் ஓடலாம் என்று ஒரு நீண்ட ஓட்டம் வைத்தன. கொட்டாஞ்சேனையில் தொடங்கி, கோட்டை, காலிமுகம், காலி வீதி வழியாக வெள்ளவத்தைச் சந்தை வரை போய்த் திரும்பி வரவேண்டும். தங்கள் ஆள் முதல் மூவருக்குள் வந்தால் நிரந்தர வேலை கொடுப்பதாகக் கொன்ஸ்ரன்ரைனின் கொம்பனித் துரை சொல்லியிருந்தார். மாதச் சம்பளம். கேற்றில் நிற்கத் தேவையில்லை. றமீலா அதை என்னிடம் சொன்னபோது சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயந்தவள்போலச் சொன்னாள்.

சனி ஞாயிறுகளில் கடலோரத்துக் காலிமுகத்திடலுக்கு நானும் அவனோடு போகத் தொடங்கினேன். பள்ளிக்கூடத்து நிறுத்தற் கடிகாரம் என்னிடம் இருந்தது. தைலம் பூசிய நாட்களில் அவன் திடலின் பாதியிலேயே வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். ஒரு நாள் றமீலாவுக்கும் தெரியாமல் பூசாமல் வந்தான். அன்று போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நான் பிழையாக அமத்திவிட்டேன் என்று நினைத்து இன்னொரு முறை ஓடச் சொன்னேன். மறுபடியும் அப்படியேதான்.

"எனக்குத் தெரியும் மாஸ்டர்," என்றான், புல்லில் இருந்துகொண்டு. "பூசினா, ஓடத் தொடங்க முன்னமே ஓடிக் களைச்ச மாதிரிக் கிடக்கு. தோல் கொதிக்குது. கன தூரம் வந்திட்டம் எண்டு உடம்பு நினைக்குது."

அவன் சொன்னது சரிதான். அந்த எண்ணெய்கள் தோலிலுள்ள நரம்பைத்தான் சுடுகின்றன. உள்ளே தசைக்கு அந்தச் சூடு போவதில்லை. ஓடுகிறவனுக்குச் சூடு தானாகவே வருகிறது. கொழும்பு வெயிலில் அதை வெளியே விடுவதுதான் உடம்புக்குப் பெரிய பாடு. அதற்கு மேலே எண்ணெயைப் பூசினால் வியர்வை எப்படி ஆறும்? நான் இதைச் சொல்ல, அவன் தலையாட்டிக் கேட்டான்.

"அப்ப பூசாதையுமன்," என்றேன்.

அவன் கடலைப் பார்த்தான். "நீங்கள் ஒருக்கால் அவையோட கதையுங்கோ மாஸ்டர். நீங்கள் சொன்னாக் கேப்பினம்."

கதைத்தேன். பந்தயத்துக்கு இரண்டு நாளுக்கு முன்பு, மாலையில், பௌஸி நானாவின் கடை வாசலில். ஹியூபேட் படியில் இருந்தான். குப்பாயி கொத்தமல்லி வாங்க வந்து நின்றாள். தோல், நரம்பு, தசை, வியர்வை என்று என்னால் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். மூவரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

"மாஸ்டர் செல்றது எல்லாம் சரி," என்றார் பௌஸி நானா. "ஆனா போன வருஷம் வெண்டானா இல்லையா?"

"வெண்டவன்தான். அது தைலத்தால எண்டு..."

"பின்ன எதால? ஒங்கட பி.எஸ்ஸி.யாலயா? நீங்க அப்ப கொழும்புக்கே வரல்லயே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

"கால்ல எரியுதெண்டு அவனே சொல்லுறான் நானா."

"எரியுது எண்டா வேலை செய்யுது எண்டுதான் மாஸ்டர். எரியாட்டி அது தைலமா? தேங்காயெண்ணெய்."

"என்ட குதிரையள் நாலு காலால ஓடுது மேன்," என்றான் ஹியூபேட். "ஒண்டாவது கொம்ப்ளெயின் பண்ணினதில்ல."

"அதுக்கு வாய் இல்லையே," என்றேன்.

"இவனுக்கு வாய் ஈக்கிதானே? இவன் வந்து செல்லட்டும் வேணாமெண்டு," என்றார் பௌஸி நானா. குரலில் கோபமில்லை. உண்மையாகத்தான் சொன்னார்.

குப்பாயி மட்டும் எனது கையைத் தொட்டாள். "வாத்தியாரே, எங்க வீட்டுக்காரரு தெனமும் அந்தக் காலோடதான் வண்டி இழுக்குறாரு. நான் கெடுதல் பண்ணுவேனா அந்தப் புள்ளைக்கு?"

இரசாயனத்தில் அதற்குப் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து கொன்ஸ்ரன்ரைனிடம் சொன்னேன்: நீயே வேண்டாமென்று சொன்னால் விடுவார்கள். அவன் றமீலாவைப் பார்த்தான். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே பேசினாள்.

"மாஸ்டர், உங்களுக்குத் தெரியாததில்லை. இவருக்கு வேலை இல்லாத நாளில குப்பாயியக்கா வீட்டுச் சோறுதான் எங்கட பிள்ளைக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நேரம் நானா கடையைப் பூட்டிப்போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவர். அந்தக் கையள் எல்லாம் தைலத்தோட வந்து நிக்கேக்கை, வேண்டாம், தள்ளுங்கோ எண்டு எந்த வாயால சொல்லுறது? சொல்லிப்போட்டு இந்தச் சந்துக்குள்ள எப்பிடி இருக்கிறது?"

"வேலை கிடைச்சா...?"

"கிடைச்சாலும் இங்கதானே இருக்கப்போறம்."

கொன்ஸ்ரன்ரைன் அவளுக்கு விறகை எடுத்துக் கொடுத்தான். அவனுடைய பாடு அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தும் அது எதற்கும் உதவவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். சந்து முழுக்க அவர்கள் வாசலில் நின்றது. அவனைப் பெட்டியில் இருத்தி, முதலில் குப்பாயி அவளுடைய காரமெண்ணெயைப் பாதத்திலிருந்து தொடைவரை பூசினாள். "நல்லா இரு கண்ணு" என்று ஒவ்வொரு காலுக்கும் சொன்னாள். அதற்கு மேலே ஹியூபேட் குதிரைக்குத் தேய்ப்பதுபோலவே, வாயால் உஸ் உஸ் என்று சத்தமிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தேய்த்தான். இது பெரிய பந்தயம் என்பதால் பௌஸி நானா காலோடு நிற்கவில்லை. முதுகு, நெஞ்சு, தோள் எல்லாவற்றுக்கும் தமது தைலத்தை ஊற்றினார். பனியனுக்கு மேலாலும் எண்ணெய் ஊறியது. கொன்ஸ்ரன்ரைன் அப்படியும் இப்படியும் கையைத் தூக்கிக் கொடுத்தான். ஒரு தரம் எனது முகத்தைப் பார்த்தான். "காணும் நானா, காணும்" என்று நான் சொன்னேன். "இன்னொரு கை, இன்னொரு கை" என்றார் நானா.

ஓட்டம் தொடங்கியதும் நானும் நானாவும் பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போனோம். திரும்பும் இடத்தில் அவனுக்குத் தண்ணீர் கொடுப்பது எனது வேலை. நானா கையில் ஒரு போத்தல் வைத்திருந்தார். அதில் இருப்பது தண்ணீரல்ல என்பது வெள்ளவத்தைச் சந்தை வாசலில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. சந்தைக்கு வந்த சனமெல்லாம் வீதியோரத்தில் கூடிவிட்டது. மீன் கூடையைத் தலையில் வைத்தபடியே பெண்கள் நின்றார்கள். வெயில் நேரே முகத்தில் அடித்தது.

முதலாவதாகக் கோட்டைப் பக்கத்து வங்கி ஆள் ஒருவன் வந்தான். பிறகு ரயில்வேக்காரன். மூன்றாவதாகக் கொன்ஸ்ரன்ரைன்.

மூன்று போதும். நானா துள்ளினார். ஆனால் கிட்ட வரவர எனக்குப் பயமாக இருந்தது. அவனுடைய தோல் செம்பருத்திப் பூவாகச் சிவந்திருந்தது. எண்ணெய்க்கு மேலே வியர்வை முத்து முத்தாக நின்றது, வழியவில்லை. மூச்சு வேகமாக, நெஞ்சின் மேற்பகுதியில் மட்டும் ஓடியது.

"மாஸ்டர், நெருப்பு," என்றான். "துடைச்சு விடுங்கோ. காதுக்குள்ள மணி அடிக்குது."

தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துவிட்டுத் துவாயால் துடைத்தேன். எண்ணெய் வியர்வையோடு சேர்ந்து இன்னும் பரவியதே தவிரப் போகவில்லை. அது தண்ணீருக்குப் போகாது, சவர்க்காரம் வேண்டும், நேரம் வேண்டும். ஓடுகிறவனுக்கு நேரம் எங்கே? நான் குனிந்து துடைக்க, நானா மறுபக்கத்தால் போத்தலைக் கவிழ்த்துத் தொடையில் தேய்க்கத் தொடங்கிவிட்டார்.

"நானா, வேண்டாம்!" கையைப் பிடித்தேன்.

"விடுங்க மாஸ்டர், மூணாவது ஈக்கிறான்! விட்டா ரெண்டாவது!"

அவருடைய கண்களில் தண்ணீர். எனது கையை உதறிவிட்டுத் தேய்த்தார். கொன்ஸ்ரன்ரைன் வேண்டாம் என்று சொல்வான் என்று அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் அந்தக் காலைக் கொடுத்துவிட்டு, மற்றக் காலையும் முன்னால் வைத்தான். பிறகு ஓடினான்.

நாங்கள் பஸ்ஸில் ஏறினோம். காலி வீதியில் பஸ் மெதுவாகத்தான் போனது. பம்பலப்பிட்டியில் அவனைப் பிடித்தோம். ஜன்னலால் பார்த்தேன்: இன்னும் மூன்றாவதுதான். ஆனால் கைகளை விலாவிலிருந்து விலக்கி, உடம்பில் படாமல் வைத்துக்கொண்டு ஓடினான். கொள்ளுப்பிட்டியில் ஒரு கடைக்காரர், பாவமென்று நினைத்துத்தான், வாளித் தண்ணீரை அவன்மேல் ஊற்றினார். ஊற்றியதும் அவன் துள்ளினான். நின்று நெஞ்சை நகத்தால் பிறாண்டினான். தண்ணீர் காரத்தைக் கண்ணுக்கும் கழுத்துக்கும் கொண்டுபோயிருக்க வேண்டும். மறுபடி ஓடினான். நான் பஸ்ஸுக்குள் எழுந்து நின்றேன், இருந்தேன், நின்றேன். பக்கத்தில் நானா தஸ்பீஹ் மணியை உருட்டி ஓதினார். பஸ்ஸிலிருந்து நான் அவனுக்குச் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை.

காலிமுகத்தில்தான் அது நடந்தது. அவன் வீதியை விட்டான். புல்லின் மேலே குறுக்காக நடந்து, படியால் இறங்கி, நேரே கடலை நோக்கிப் போனான்.

"அன்ன, அற மினிஹா முஹுதட்ட யனவா!" என்று கொண்டக்டர் கத்தினான். பஸ் முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தது. மனிதன் கடலுக்குப் போகிறான். சிலர் சிரித்தார்கள்.

நான் பஸ் நிற்க முன் இறங்கி ஓடினேன். அவன் இடுப்பளவு தண்ணீரில் இருந்து, ஈர மணலை அள்ளி அள்ளி உடம்பில் உரஞ்சிக்கொண்டிருந்தான். அலை இறங்கிய நேரம் பார்த்தேன், தொடையில் கொப்புளம் எழும்பியிருந்தது.

"உப்புத் தண்ணி இன்னும் எரியுது மாஸ்டர்," என்றான். குழந்தைபோலச் சொன்னான்.

மேலே வீதியில் காலடிச் சத்தம். நாலாவது ஆள் போனான். பிறகு ஐந்தாவது, ஆறாவது. அவன் என்னைப் பார்க்காமல் அவர்களையே பார்த்தான். எனக்கு எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. எங்கே தொட்டாலும் அவனுக்கு நோகும். சப்பாத்தோடு அலைக்குள் நின்றேன்.

"இன்னும் ஓடலாமோ?" என்று கேட்டான்.

"ஓடலாம்," என்றேன்.

எழுந்து வந்து, நடுங்கி நடுங்கி, மிச்சத் தூரத்தையும் ஓடினான். கொட்டாஞ்சேனைக்கு அவன் வந்து சேர்ந்தபோது கதிரைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கொம்பனித் துரையின் கார் போய்விட்டது. தலைமைக் கிளாக்கர் மட்டும் நின்றார். "வை த ஹெல் டிட் யூ கோ டு த ஸீ, மேன்?" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் றமீலா தேங்காயெண்ணெயில் பஞ்சைத் தோய்த்து அவன் உடம்பில் ஒற்றிக்கொண்டிருந்தாள். சந்து முழுவதும் பார்க்க வந்தது. எல்லோருக்கும் உண்மையான கவலை. என்ன பிழைத்தது என்று வாதாடினார்கள். முடிவில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

"கடல்ல எறங்கினதுதான் பிழை," என்றார் பௌஸி நானா. "தைலம் அவ்வளவும் கழுவிப் போச்சு. எறங்காட்டி ரெண்டாவது, என்ட உம்மா மேல ஆணை."

"வெள்ளவத்தையில நாம இன்னும் ரெண்டு பேர் நிண்டிருக்கோணும் மேன்," என்றான் ஹியூபேட்.

"அடுத்த வருசம் மொளகு கூடப் போட்டுக் காய்ச்சுறேன் கண்ணு," என்றாள் குப்பாயி. அவள் அழுதிருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். "நானா, இந்தக் கொப்புளம் என்னத்தால வந்தது எண்டு..."

கொன்ஸ்ரன்ரைன் பாயிலிருந்து என்னைப் பார்த்து, மெல்லத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்றுதான். பிறகு குப்பாயியிடம் சொன்னான்:

"ஓம் அக்கா. அடுத்த வருஷம்."

நான் எழுந்து எனது அறைக்குப் போனேன். பலகைக்கு அந்தப் பக்கத்தில் அவர்கள் அடுத்த வருஷத்தைப் பற்றி வெகுநேரம் கதைத்தார்கள்.

அந்த வருஷம் முடிய முன்னரே யுத்தம் வந்தது; அடுத்த வருஷப் பந்தயம் நின்றது. நாற்பத்திரண்டில் துறைமுகத்தில் குண்டு விழுந்தபின் சந்து கலைந்தது. பௌஸி நானா மாளிகாவத்தைக்குப் போய், அங்கேயே மௌத்தாகி அடக்கமானார். குப்பாயியும் வேலுசாமியும் தாங்கள் விட்டு வந்த தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். ஹியூபேட் எங்கே என்று தெரியாது. நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். இப்போது ஒரு கல்லூரியில் இரசாயனத்துக்குப் பொறுப்பு.

கொன்ஸ்ரன்ரைன் தெமட்டகொடையில், ரயில் யாட்டுக்குப் பின்னாலுள்ள லைன் வீடொன்றில் றமீலாவோடும் மூன்று பிள்ளைகளோடும் இருக்கிறான். ஓடுவதில்லை. இன்னும் அதே கொம்பனியில் நாட்கூலிதான்.